வாய்க்காலைத் துலக்கிய கைகள்

குளங்களைக் கட்டிய மன்னர்களின் பெயர்களை எமது வரலாற்று நூல்கள் தவறாது கூறுகின்றன. மண் சுமந்தோரின் பெயர்களை அவை கூறுவதில்லை. கட்டுவது ஒருமுறை நிகழ்வது. செப்பனிட்டுக் காப்பதோ ஆண்டுதோறும் நிகழவேண்டியது. காத்தவர்க்குக் கல்வெட்டு எதுவுமில்லை. ஆதலின், பட்டிப்பளை ஆற்றின் இடதுகரை வாய்க்கால்களைத் துலக்கியோரைப் பற்றி நாம் கேட்டறிந்தவற்றை எழுதிவைப்பது கடமையென எண்ணுகிறோம்.

கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் நிறுவப்பட்டது. நீர்த்தேக்கம் எழுந்தது; காடு வயலாயிற்று. ஆனால், குடியேற்றத்தோடு அச்சமும் வந்து குடியேறியது. 1956 ஜூனில் அதே பள்ளத்தாக்கிலே தமிழர் பலர் கொல்லப்பட்டனர். இடதுகரையின் மேற்பகுதியிலே பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைப்பகுதியிலே தமிழ் பேசும் கமக்காரர். உகணை–மண்டூர் என்ற பிரிவின் பெயரே இரண்டு ஊர்களையும் இணைக்கின்றது. பெயர் இணைத்ததை நீர் இணைக்கவில்லை. கதவுகள் உடைந்தும் கரைகள் சரிந்தும் கிடந்த அவ்வாய்க்கால்களில், சிறுபோக நீர் கடைக்கோடியை எட்டுவது அரிதாயிற்று. மேலே இருப்பவன் கள்வனென்று கீழே இருப்பவன் நம்பினான். கமக்காரனுக்கு ஒழுங்கில்லையென்று அதிகாரி நம்பினான்.

அமெரிக்க உதவியுடன் செப்பனிடும் வேலை தொடங்கியபோது, கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் புதியதொரு முயற்சியை மேற்கொண்டன. 1981 மார்ச்சில் 32 இளைஞரும் யுவதியரும் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கமக்காரரிடையே தங்கி, கட்டளையிடாது, கேட்டுப் பழகினர். அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் காற்பங்கே நிறைந்திருந்தது. அந்த வரட்சியின் நடுவே கமக்காரர் மண்வெட்டியுடன் இறங்கினர். பத்து, இருபது ஆண்டுகளாகத் துப்புரவு காணாத வாய்க்கால்கள் சிரமதானத்தால் துலங்கின. முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்டதைக் கீழே விட்டனர். அந்நீர் தமிழ்க் கமக்காரரின் வயல்களுக்கும் சென்றது.

அந்த அமைப்பாளருள் ஒருவராயிருந்து பின்னர் ஆசிரியரான சிங்களப் பெரியவர் ஒருவரை அம்பாறையில் நாம் சந்தித்தோம். அவர் திட்ட அறிக்கைகளைப் பற்றிப் பேசவில்லை. வெயிலில் வாய்க்கால் நெடுகக் கமக்காரருடன் நடந்ததையும், தம் வயலுக்கு வரும் நீரின் கணக்கையே அதுவரை அறியாதிருந்த ஒருவர் அன்றுதான் கடைக்கோடி வரண்டு கிடப்பதைக் கண்டு பேசாது நின்றதையும் நினைவுகூர்ந்தார். மண்டூர்ப் பக்கத்து முதிய கமக்காரரொருவரோ, நீர் வந்ததைவிட, அது கேளாமலே திறந்துவிடப்பட்டதே தமக்குப் பெரிதாகப் பட்டது என்றார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஒரே வாய்க்காலின் இரு முனைகளிலிருந்து அவர்கள் பேசினர்.

திணைக்களத்தாரையும் மறத்தலாகாது. கமக்காரனின் சொல்லுக்குச் செவிசாய்த்து வரைபடத்தைத் திருத்திக்கொள்ளப் பொறியியலாளர் சிலர் பழகினர். இதுவும் ஒரு செப்பனிடலே.

எனினும், இக்கதையைப் புகழ்ச்சியோடு முடித்துவிடுதல் நேர்மையாகாது. அமைப்பாளர்களுக்கு நிரந்தரப் பதவி அளிக்கப்படவில்லை. ஆசிரிய நியமனம் கிடைத்ததும் பலர் விலகிச் செல்ல நேர்ந்தது. மக்களை ஒன்றுசேர்த்தோரின் வாழ்வுக்கே உறுதியில்லாதிருந்தது. 1988இல் பங்கேற்பு முகாமைத்துவம் நாட்டின் கொள்கையாயிற்று. கமக்காரர் கையில் அதிகாரம் சேருமாயின் அது நன்று. செலவும் சுமையும் மட்டுமே சேருமாயின் என்ன பயன்? இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. மன்னனுக்காகக் கட்டாயத்தின்பேரில் உழைப்பதற்கும், தமக்கும் அயலானுக்குமாக விரும்பி உழைப்பதற்கும் உள்ள வேறுபாடு உரிமையிலேயே தங்கியுள்ளது. நீரைப் பங்கிடும் உரிமை இல்லாதவிடத்துச் சிரமதானம் என்பது கூலியில்லா வேலைக்கு இட்ட அழகிய பெயராகிவிடும்.

1983இன் தீயும் அதன்பின் நீண்ட போரும் இந்நினைவுகளை மூடிவிட்டன. எமது மாணவர்க்கு 1956 தெரிந்திருக்கவேண்டும். அதை மறைப்பது குற்றம். அதே மண்ணில் 1981இல் நிகழ்ந்ததும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பகை இயற்கையன்று, அது வளர்க்கப்பட்டது என்பதற்கு அந்த வாய்க்காலைவிடச் சிறந்த பாடநூலை நாம் அறியோம். உழைக்கும் மக்கள் ஒருவரையொருவர் நேரிற் கண்டபோது நீருக்கு வழி பிறந்தது. அவர்கள் மீண்டும் சந்திப்பதற்கான வழியைத் துலக்குவதே இன்று எம்முன் உள்ள வேலை.