நாற்பது நொடி, ஆறு நொடி

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கல்பாக்கத்தை அடுத்த எங்கள் ஊரில், டச்சுக் கோட்டைக்குப் பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் சதுரங்க வகுப்பு ஆரம்பிக்கும். பாய்மேல் சுருட்டுப் பலகைகளை விரித்தால் கடல்காற்றில் ஓரம் மடங்கும். நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும். ஒரு செட்டில் இரண்டு சிப்பாய்கள் தொலைந்துபோய், அந்த இடத்தில் சோழி நிற்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் கல்பாக்கம் அணுசக்தி நகரியத்திலிருந்து அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிற பிள்ளைகள். எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பவன் என்றுதான் என்னைப் பற்றி நெடுநாள் நினைத்திருந்தேன்.

வகுப்பு நடத்தப் பழகுவதற்காகத் தம்பி ஒருவர் எங்களிடம் வந்தார். நான் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பார்த்துப் படிக்க, செல்போனை ஓரமாக நிறுத்தி முழு வகுப்பையும் பதிவு செய்துகொண்டார். அன்று ராத்திரி அதை வீட்டில் போட்டுப் பார்த்தேன்.

காந்தப் பலகையில் வைத்திருந்த கணக்கு பழையது, எல்லாப் பயிற்றுநரும் வைப்பது. கறுப்பு ராஜா மூலைக் கட்டத்தில். அதற்கு அரணாக முன்னால் இரண்டு சிப்பாய்கள். பக்கத்தில் ஒரு கட்டம் காலி, அதற்கு அடுத்தாற்போல் கறுப்பு யானை. வெள்ளைக் குதிரை கிட்டத்தில் நிற்கிறது; வெள்ளை ராணி தூரத்தில், குறுக்குக் கோட்டில். விடை இதுதான்: ராணியைக் கொண்டுபோய் அந்தக் காலிக் கட்டத்திலேயே வைத்துச் செக் சொல்ல வேண்டும். ராஜாவால் வெட்ட முடியாது, குதிரையின் காவல் இருக்கிறது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ராஜாவைச் சுற்றி அதன் ஆட்களே வழியை அடைத்துவிடுகிறார்கள். குதிரை ஒரு தாவு தாவினால் மேட். ராணியைக் கொடுக்க மனசு வராத பிள்ளைக்கு இது பிடிபடாது. அந்த மனசு வருவதற்கு நேரம் ஆகும்.

நகரியத்துப் பையன் ஒருவனைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். தப்பாக ஒன்று சொல்கிறான். “ம்… இன்னும் பாரு” என்கிறேன். மறுபடி நிற்கிறேன். மொத்தம் நாற்பது நொடி. அடுத்து அதே தரத்தில் இன்னொரு கணக்கு. குப்பத்திலிருந்து வரும் ஒன்பது வயதுப் பெண் பிள்ளையைக் கேட்கிறேன். ஆறாவது நொடியில், “பரவால்லம்மா, குதிரையைப் பாரு” என்று நானே காட்டிக்கொடுத்துவிடுகிறேன். அவள் தலையாட்டிவிட்டு நான் காட்டிய இடத்தில் காயை வைக்கிறாள். நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணினேன். கணக்கு மாறவில்லை. யாரால் முடியும் என்று நான் உள்ளுக்குள் முடிவு செய்திருந்தேனோ அவர்களுக்குத்தான் காத்திருந்தேன். மற்றவர்களுக்கு இரக்கப்பட்டேன்.

அந்தப் பிள்ளையை முதல் நாள் கொண்டுவந்து விட்டபோது அவள் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. “ஏதோ வந்து ஒக்காந்துட்டுப் போவட்டும் சார். எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்க ஏறப்போவுது.” அப்படிப் பேசாதீங்கம்மா என்று அவரைக் கண்டித்தேன். வாய்தான் கண்டித்தது. அவர் சொன்னதை வாராவாரம் நடத்திக்காட்டியவன் நான்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. 1968இல் அமெரிக்காவில் ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் ஒரு பள்ளி ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார்கள். இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு நன்றாக மலரப்போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை. ஆண்டு முடிவில் பட்டியலில் இருந்த பிள்ளைகள், அதுவும் ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், மற்றவர்களைவிட முன்னே போயிருந்தார்கள். இந்த ஆய்வுக்குப் பலத்த மறுப்புகள் வந்தன. மேல் வகுப்புகளில் பெரிய மாற்றம் இல்லை என்பதும் உண்மை. எனக்கு உதவியது 1984இல் ஸ்டீஃபன் ராடன்புஷ் செய்த தொகுப்பு ஆய்வு. ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கம் இருந்தால் இப்படிப்பட்ட பட்டியல் ஏறக்குறைய பலிப்பதே இல்லை என்று அவர் காட்டினார். அதாவது அதற்குள் ஆசிரியர் தன் சொந்தப் பட்டியலை எழுதி முடித்துவிடுகிறார்.

என் பட்டியல் இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சேர்க்கைப் படிவத்திலேயே எழுதியாயிற்று: எந்தப் பள்ளி, அப்பா என்ன வேலை, வீடு எந்தப் பக்கம். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனையைப் படித்த பிறகு அந்தப் படிவத்தைப் பார்க்கவே கூசியது. உயர்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். காகிதத்தில் புதிர்ப்பாதை போடும் வேலை. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். எல்லார் முன்னாலும் பெயரையும் சாதியையும் வாசித்ததும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. அதே கை, அதே பென்சில். இப்போது எங்கள் படிவத்தில் பெயர், வயது, அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் எதிர்பார்ப்புக்கு ஓர் எண்ணே உண்டு. ஆர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் எடுத்துக்கொண்டது. ஆட்டம் தொடங்கும் முன்பே அது ஒரு கணிப்பு வைத்திருக்கும்: இருவருக்கும் ஒரே புள்ளி என்றால் ஆளுக்கு அரை, 400 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுப்பார். கீழே இருக்கும் சிறுவன் அந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டால் கணக்கு தன் தப்பை ஒத்துக்கொண்டு அவனுக்கு 36 புள்ளி வரைக்கும் ஏற்றிக்கொடுக்கும். எனக்கு இந்த முறைமேல் பெரிய மரியாதை. அது பிள்ளையின் அப்பா யார் என்று கேட்பதில்லை. நேற்று நினைத்ததை இன்றைக்கு மாற்றிக்கொள்கிறது. ஆசிரியர் மனசில் இருக்கும் எண் அப்படித் திருந்துவதில்லை.

ஆனால் தரப்புள்ளியைப் பிள்ளைகள் கண்ணில் காட்டினால் கெடுதல். போட்டி நடக்கும் கூடத்தில் யாருக்கு யார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் பிள்ளைகள் ஓடிப்போய் எதிராளியின் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். திரும்பி வரும் முகத்திலேயே ஆட்டம் முடிந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆன் மாஸ் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரமுள்ள 42 ஆண் பெண் ஜோடிகளை இணையத்தில் ஆட விட்டார்கள். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாதபோது பெண்கள் சரிக்குச் சரி ஆடினார்கள். எதிரே ஆண் என்று தெரிந்து, பெண்களுக்குச் சதுரங்கம் வராது என்ற பேச்சும் காதில் விழுந்தபோது ஆட்டம் பாதியாகச் சரிந்தது. எதிரே இருப்பதும் பெண்தான் என்று பொய் சொன்னபோது பழையபடி ஆடினார்கள். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம்: மேசை எண்ணை மட்டும் நான் பார்த்துச் சொல்வேன். போய் உட்கார்ந்து கைகொடுத்து ஆட வேண்டியதுதான்.

புள்ளிப் பட்டியல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை எங்கள் ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், மாமல்லபுரத்தில், உலகமே பார்த்தது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட். பொதுப்பிரிவில் தரப்படி முதலிடத்தில் வந்த அமெரிக்கா ஐந்தாவதாக முடித்தது. தரப்படி 14ஆவதாக இருந்த உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம். ஆர்.பி. ரமேஷ் பயிற்சியில் ஆடிய நம் இரண்டாம் அணி தரப்படி 11ஆவது. முதல் அணியைத் தாண்டி வெண்கலம் வாங்கியது. அந்த அணியின் முதல் மேசையில் 16 வயது குகேஷ் எட்டு ஆட்டத்தைத் தொடர்ந்து ஜெயித்தார். பத்தாவது சுற்றில், நல்ல நிலையிலிருந்து ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். எட்டு வெற்றியைவிட அந்தத் தோல்வியைத்தான் நான் பிள்ளைகளுக்கு அடிக்கடி போட்டுக் காட்டுகிறேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவர் உலகச் சாம்பியன் ஆனார்.

அதற்குப் பிறகு வேறு ஒரு நோய் வந்தது. பெற்றோர் எட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, எத்தனை வருஷத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆக்குவீங்க சார் என்று கேட்கிறார்கள். அவன் தோற்றுவிட்டு வந்தால் ஸ்கூட்டரில் வீடுவரை பேச்சு இல்லை. அப்படிப்பட்ட பையன் என்னிடம் ஒருவன் இருந்தான். ராணியைப் பலி கொடுக்கும் கணக்கு ஒன்றைக்கூட அவனால் போட முடியவில்லை. எதையும் இழக்கத் துணிவில்லை. அதுவும் ஒரு விதத்தில் ஆறு நொடிதான். பிள்ளைக்கு யோசிக்க நேரம் இல்லாமல் செய்வது.

இப்போது ஆட்டக் கடிகாரம் ஒன்றை எனக்காக வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டதும் பித்தானை அழுத்துவேன். இரண்டு நிமிஷம் ஆகும்வரை வாய் திறக்கக் கூடாது. யாராக இருந்தாலும் அதே இரண்டு நிமிஷம். முதல் சில வாரம் எனக்கே மூச்சு முட்டியது. அந்தப் பெண் பிள்ளை ஆரம்பத்தில் பலகையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள். எங்கே குறிப்பு வரும் என்று அங்கேதான் தேடப் பழக்கியிருந்தேன். நாலாவது வாரம் பார்வை பலகைக்குப் போனது. அந்தப் பழைய ராணிக் கணக்கையே இடம் வலம் மாற்றி வைத்தேன். ஒரு நிமிஷம் ஐம்பது நொடி ஆகியும் அவள் அசையவில்லை. பிறகு எழுந்து வந்து, ராணியைக் கையில் எடுத்து, சற்றுத் தயங்கி, காலிக் கட்டத்தில் ஒட்டினாள். “இத யானை வெட்டும் சார். வெட்டட்டும்” என்றாள்.

இந்தக் கரையோரத்தில் நீச்சலோ தையலோ கணக்கோ, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பவராக இருந்தாலும் ஒரு விண்ணப்பம். உங்கள் வகுப்பை ஒரே ஒரு நாள் பதிவு செய்யுங்கள். ராத்திரி தனியாக உட்கார்ந்து, யாருக்கு எத்தனை நொடி கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.