கோவைக்கு நேர் தெற்கே பாரதி

துருவ ஆய்வாளரை இணையவழியில் வகுப்பறைக்கு அழைக்க, முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. கொங்குப் பள்ளிகளுக்கு அதில் அதிர்ஷ்டம்தான். 2012-ல் அண்டார்க்டிகாவில் திறக்கப்பட்ட இந்தியாவின் பாரதி நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகையைத் தாண்டி இருக்கிறது. கோவை 77-ஐ ஒட்டி. இடையே சுமார் 9,000 கி.மீ. இருந்தும் இரண்டு இடத்திலும் உச்சிப்பொழுது கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. ஆனால் இங்கே அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பரில் அங்கே சூரியன் மறைவதே இல்லை.

பேச்சு புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே வருகிறது. அது 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி விழும். அந்த இடைவெளியே ஒரு இயற்பியல் பாடம்.

ஆர்க்டிக்கில் 2008 முதல் இயங்கும் இந்திய நிலையமான ஹிமாத்ரியின் கதை வேறு. அது இருக்கும் நார்வேயின் நியூ ஆலசுண்டில் ரேடியோ தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்று வை-ஃபைக்குத் தடை, எல்லாம் கேபிள்தான். குளிர்காலத்தில் அங்கே நாலரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். காலை முதல் பீரியடுக்குக் கூப்பிட்டால் ஆய்வாளர் தூக்கத்தில் இருப்பார், மதியம்தான் சரிப்படும்.

பாரதியோடு பேசும்போது பெங்குவின் பற்றிய கேள்வி தானாக வந்துவிடும். திருப்பூர்ப் பிள்ளைகள் கட்டடத்தைப் பற்றியும் கேட்கலாம்: பனியன் கப்பலேறும் அதே வகைக் கண்டெய்னர்கள், 134-ஐ அடுக்கிக் கட்டியதுதான் பாரதி. பாறையையும் விடக் கூடாது. கோண்டுவானா காலத்தில் பாரதி நிற்கும் கரை இந்தியாவின் கிழக்குக் கரையோடு ஒட்டியிருந்தது.

இரு நிலையங்களையும் நடத்துவது கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம். பள்ளிகள் கடிதம் எழுத வேண்டியது அங்கேதான்.