யாருடைய மாணவன்?

எம்.ஏ. முடித்த வருடம் ஒரு கல்லூரிக்குத் தற்காலிக வேலைக்காக நேர்முகத்துக்குப் போனேன். தொல்காப்பியத்தில் ஒரு கேள்வி, சிலம்பில் ஒரு கேள்வி. இரண்டுக்கும் சரியாகத்தான் சொன்னேன். பிறகு ஒரு அய்யா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி யார்கிட்ட படிச்சீங்க?" பேரைச் சொன்னேன். "அவரு யாரோட மாணவர்?" தெரியவில்லை. "சரி, எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்லயா, இல்ல..." என்று இழுத்தார். அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா? வேலை கிடைக்கவில்லை.

ஆசிரியர் கவிதைத் தொகுப்பு போடுவார். மாணவர் அதைப் பாடத்தில் வைப்பார். அந்த மாணவரோட மாணவர் அதிலேயே ஆய்வு பண்ணுவார். வெளியீட்டு விழாவில் மூவரும் ஒரே மேடை. எல்லாரையும் சொல்லவில்லை, நிறையப் பேரைச் சொல்கிறேன்.

இது நேற்று வந்ததில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலையை விட்டபோது தியாகராச செட்டியார் தன் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரைக் கைகாட்டினார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். உ.வே.சா.வின் தகுதியை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் பதிப்பு இல்லாமல் எனக்குப் புறநானூறு ஏது? நான் கேட்பது வேற. அந்தத் திண்ணையில் எங்க தாத்தனுக்கு உட்கார இடம் இருந்ததா?

அதே நூற்றாண்டில்தான் காத்தவராயன் என்பவர், தனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' 1914இல் அவரோடு முடிந்துபோய்விடவில்லை. 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி.அப்பாதுரையார் அதை மறுபடி கொண்டுவந்தார். இதுவும் வாத்தியார், மாணவர் கதைதான். என் எம்.ஏ. இரண்டு வருடத்தில் இதைப்பற்றி ஒரு வரி கிடையாது.

எனக்கும் ஒரு வாத்தியார் உண்டு. எங்க சேரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அம்மாவிடம் வந்து, "இவன கரும்பு வெட்டக் கூட்டிட்டுப் போவாதக்கா" என்று சண்டை போட்டவர். அன்றைக்கு அந்த அய்யா கேட்டபோது இவர் பேரைத்தான் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. பட்டம் போட்ட பேரைத் தேடினேன். வேலை போனதைவிட இதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது நான் நடத்திய இரவுப்பள்ளியில் படித்த பெண் கதைகள் எழுதி, என்னிடம் அணிந்துரை கேட்டு வந்தாள். சந்தோஷமாக உட்கார்ந்தேன். மேசையில், முன்பின் தெரியாத ஒரு தம்பி தபாலில் அனுப்பிய கட்டு மூன்று மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. நம் பத்திரிகையிலும் அதே முகங்கள்தானா என்று ஏற்கெனவே ஒரு கடிதத்தில் திட்டியிருந்தான். நியாயந்தானே.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, என்னுது இருக்கட்டும். மொதல்ல அதப் பிரிங்க."

கத்தரிக்கோல் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.