லயம் எங்கடா?



போன நவராத்திரிக்கு நம்ம கோவில் கொலுவில் மூக்கு உடைந்த சரஸ்வதியையும், கை போன தவில்காரரையும் ஒட்டி வர்ணம் பூசிக் கொடுத்ததிலிருந்து ஒரே கேள்வி. "எங்கண்ணா கத்துக்கிட்டீங்க?" நானும் "சும்மா பொழுதுபோக்கு" என்று சமாளித்துக்கொண்டே வந்தேன். போன வாரம் அன்னதானக் கூடத்தில் ஒரு பெரியவர் என் கைப்பேசியில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டார். "கோவில் வேலை செய்யற கையால சண்டை பொம்மை செய்யறியா தம்பி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பந்தியில் ரசம் ஊற்ற வேண்டியிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், சண்டை பொம்மைதான். 1/72 அளவு. ஒரு சிப்பாய் சுண்டுவிரலின் முதல் இரண்டு கணு உயரம்கூட வரமாட்டான். அவனை அச்சுச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துக் கழுவி (கழுவாவிட்டால் பெயிண்ட் ஒட்டாது, தோல் மாதிரி உரிந்து வரும்), அடிப்பூச்சு அடித்து, காக்கி, தோல், துப்பாக்கிக் கட்டை என்று ஒவ்வொன்றாகப் பூசுவோம். பிறகு ஆறுக்கு நான்கு அடி மேசையில் மலை, ரோடு, மரம் எல்லாம் வைத்து, அளவு நாடாவும் தாயக்கட்டையும் வைத்து உண்மையில் நடந்த ஒரு போரைத் திரும்ப ஆடுவோம். இது புதுசு இல்லை. எச்.ஜி.வெல்ஸ் என்ற எழுத்தாளரே 1913-ல் இந்த விளையாட்டுக்கு விதிப்புத்தகம் எழுதியிருக்கிறார். எங்கள் கூட்டம் நான்கு பேர். எல்லாருக்கும் நரை வந்துவிட்டது.

பெயிண்ட் அடிக்கக் கற்றது யூடியூபில் என்று நினைப்பீர்கள். பாதி அப்படித்தான். மீதி நம்ம கோவிலில். கும்பாபிஷேகத் திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி குழுவில் வர்ணம் பூசும் ஒருவர் இருந்தார். மூன்று மாதம் அவருக்கு டப்பா தூக்கினேன். கோபுரத்துப் பொம்மைக்கு மடிப்பில் ஏன் இவ்வளவு கருநீலம், கன்னத்தில் ஏன் இவ்வளவு வெளுப்பு, கிட்டப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டேன். "கிட்ட நிக்கறது நீயும் நானும்தான். கும்பிடறவன் கீழ நிக்கிறான். அவன் கண்ணுக்கு அடி" என்றார். இந்த ஒரு பாடம் போதும். மேசை பொம்மையை மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். உண்மையான காக்கியை அப்படியே பூசினால் மண்ணாங்கட்டி மாதிரி தெரியும். நிழலை அதிகமாக்கி, மேடுகளை வெளுக்கவைத்தால்தான் ஆள் எழுந்து நிற்பான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சுவாமி சிலைக்குக் கடைசியில் கண் திறப்போம். இந்த அளவு சிப்பாய்க்குக் கண்ணே வரையக்கூடாது. வரைந்தால் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான். புருவத்தடியில் பழுப்பு நீரை ஓடவிட்டால் போதும், பார்ப்பவர் மனசு கண்ணை வைத்துக்கொள்ளும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் எடுத்துக்கொண்டது சிலிம் ரிவர் போர். 1942 ஜனவரி 7. பேராக்கிலிருந்து கேஎல்லுக்குப் பழைய ரோட்டில் போகிறவர்கள் ட்ரோலாக், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரோட்டில்தான். நிலா வெளிச்சத்தில், விடிவதற்கு முன்னால், ஜப்பான்காரன் சுமார் 20 டாங்கிகளை ரோட்டிலேயே நேராக ஓட்டிக்கொண்டு வந்தான். எதிரே இருந்தது 11-வது இந்திய டிவிஷன். பஞ்சாபிகள், ஹைதராபாத் ரெஜிமெண்ட், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்து ஆர்கைல்கள். பிரிட்டிஷ் பக்கம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. ஒரு மாதமாகப் பின்வாங்கி, தூக்கம் இல்லாமல் நடந்தே களைத்தவர்கள். முன்னணி உடைந்த செய்தி பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2/1 கூர்க்கா பட்டாளம் ரோட்டில் வரிசையாக நடந்துகொண்டிருந்தபோது முதுகுப் பக்கமிருந்து டாங்கி வந்தது. சிலிம் ஆற்றுப் பாலத்துக்கு வெடி வைத்திருந்தார்கள். வத்தனபே என்ற ஜப்பானிய லெப்டினண்ட் டாங்கியிலிருந்து குதித்து அந்த வயரை வாளால் வெட்டினான். காலைக்குள் 25 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. நான்கு நாளில், ஜனவரி 11-ம் தேதி, கேஎல் ஜப்பான் கையில்.

இதை ஒரே ஆட்டமாக ஆட முடியாது. எங்கள் மேசை 1/72 கணக்கில் 130 மீட்டர்தான் வரும். அதனால் ஐந்து ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மேசை. ட்ரோலாக்குக்கு வடக்கே முதல் தடுப்பு, பழைய வளைவு ரோடு, ட்ரோலாக் ஊர், குளுனி தோட்டம், கடைசியில் பாலம். முதல் வாரம் செத்த டாங்கி இரண்டாம் வாரம் வராது. இதைத்தான் கேம்பேன் என்போம். அந்த வளைவு ரோடு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரிட்டிஷ்காரன் ரோட்டை நிமிர்த்தியபோது பழைய வளைவுகளை ரப்பர் மரங்களுக்குள் அப்படியே விட்டுவிட்டான். ரோட்டில் கண்ணிவெடியில் மாட்டிய ஜப்பான்காரன் அந்த வளைவுகள் வழியாகச் சுற்றிப் பின்னால் வந்தான்.

ஜப்பான் பக்கம் யார் ஆடுவது என்பதில் ஒரு சிக்கல். எங்களில் ஒரு சீன நண்பர் இருக்கிறார். அவருடைய தாத்தாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. "பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். கையால நகர்த்த மாட்டேன்" என்றார். எங்கள் டாங்கிகள் ஆறையும் அவர்தான் பூசினார். எல்லாவற்றையும்விட அழகாகப் பூசினார், அது ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு ஹா-கோ டாங்கி இந்த அளவில் ஆறு சென்டிமீட்டர்தான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். அதில் அவர் சேற்றுத் தெறிப்புகூட விட்டுவைக்கவில்லை. ஆக, ஜப்பான் பக்கம் நான்.

மரங்கள் என் பொறுப்பு. ரப்பர் மரம் கண்டபடி நிற்காது, நிரை பிடித்து நிற்கும். பழைய வயரை உரித்து, செம்புக் கம்பியை முறுக்கி 120 மரம் செய்தேன். இலைக்கு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பச்சைப் பெயிண்டில் தோய்த்து மிக்ஸியில் அரைத்தேன். (வீட்டில் அந்த மிக்ஸி பற்றி இன்றைக்கும் பேச்சு நடக்கிறது.) ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக வெட்டுக்கோடு போட்டு, கீழே ஊசிமுனை அளவு வெள்ளை வைத்து மங்கும் கட்டினேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

முதல் ஞாயிறு என் டாங்கிகள் இரண்டு கண்ணிவெடியில் போய்விட்டன. மற்ற நான்கும் வளைவு ரோட்டில் புகுந்து பின்னால் வந்துவிட்டன. பிரிட்டிஷ் பக்கத்துக்கு நாங்கள் போட்ட விதி, தாயத்தில் 5 அல்லது 6 விழுந்தால்தான் அடுத்த பட்டாளத்துக்குச் செய்தி போகும். நண்பர் போட்டார், போட்டார், விழவே இல்லை. நான் சிரித்தேன். கை தட்டினேன் என்றுகூட நினைக்கிறேன்.

அப்போது அப்பா தே ஓ தட்டோடு வந்தார். அவருக்கு வயது 74. எங்கள் விளையாட்டை அதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தட்டை வைத்துவிட்டு மேசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். மரத்தைத் தொட்டுப் பார்த்தார். மங்கைக் கண்டுபிடித்துவிட்டார், சிரித்தார். பிறகு கேட்டார்.

"லயம் எங்கடா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"இது தோட்டம்தானே? மரம் இருக்கு, மங்கு இருக்கு. பால் வெட்டுன ஆளுங்க எங்க? அவங்க வீடு எங்க?"

நான் வைத்திருந்த வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். குளுனி எஸ்டேட் என்று பெயர் பெரிதாக இருக்கிறது. எந்தப் பட்டாளம் எங்கே, எந்தப் பீரங்கி எங்கே, எல்லாம் இருக்கிறது. லயம் இல்லை. என்னிடம் இருந்த புத்தகங்களிலும் ரப்பர் என்பது துருப்பு ஒளிந்துகொள்ளும் மறைப்புதான். விளையாட்டு விதியிலும் அப்படித்தான், மரங்களுக்குள் இருப்பவனைச் சுடும்போது ஒரு புள்ளி கழிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையின் பிள்ளையான எனக்கு மூன்று மாதம் 120 மரம் முறுக்கியபோது ஒரு தடவைகூட அந்தக் கேள்வி வரவில்லை.

அன்று ராத்திரி அப்பா சொன்னது எதையும் அதற்கு முன்னால் நான் முழுசாகக் கேட்டதில்லை. பாட்டிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, அப்போது ஒன்பது வயது. தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு தோட்டம். துரை முன்னாடியே காரில் ஏறிப் போய்விட்டார், கிராணியும் போய்விட்டார். லயத்து ஜனங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரியில் லாரிகள் தெற்கே போய்க்கொண்டே இருந்தன. அப்புறம் ஒரு நாள் வேறு மாதிரி சத்தம். "தகரப் பீப்பாய கல்லு மேல உருட்டற மாதிரி" என்று பாட்டி சொல்வாராம். எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் ஓடி இரண்டு ராத்திரி படுத்துக் கிடந்தார்கள். ஒரு பிள்ளை அழுததற்கு அதன் வாயில் துணியை வைத்து அடைத்தார்கள். அடுத்த வருஷம் பாட்டியின் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். 415 கிலோமீட்டர் அந்தப் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அவர் வரவில்லை. தேதி தெரியாததால் வீட்டில் அவருக்குத் திதி எப்போதும் ஆடி அமாவாசையில்தான். அமாவாசைப் படையலில் அப்பா தனியாக ஒரு இலை போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். யாருக்கு என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஆட்டத்தை நான்கு வாரம் தள்ளிப்போட்டேன்.

லயம் கட்டுவது சுலபம். ஐஸ்கிரீம் குச்சியில் பலகைச் சுவர், அட்டைப்பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே வரும் அலைத்தாளில் தகரக் கூரை. எட்டுக் கதவு ஒரே வரிசையில். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணிக் குழாய் இந்தக் கடைசியில", "கோவில் அந்தப் பக்கம், மரத்தடியில, சூலம் மட்டும் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் சிலிம் ரிவர் வரை காரில் போய் ரோட்டோரச் செம்மண் ஒரு மைலோ டின் நிறைய எடுத்து வந்தோம். காயவைத்து, தே வடிகட்டியில் சலித்து, லயத்து வாசலில் தூவினேன்.

ஆட்கள்தான் கஷ்டம். ஜப்பான் சிப்பாய் ஒரு பெட்டிக்கு நாற்பது ஐம்பது பேர் கிடைப்பான். பால் வெட்டும் தமிழன் நான் தேடிய எந்தக் கடையிலும் இல்லை. அதனால் சிப்பாயை எடுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. இந்தியச் சிப்பாயின் கையிலிருந்து துப்பாக்கியை மெல்லிய பிளேடால் சீவி எடுத்தேன். விரல் போகாமல் சீவ வேண்டும். முதல் மூன்று பேருக்குக் கையே போய்விட்டது. துப்பாக்கி இருந்த இடத்தில் கம்பியால் வாளி. இரும்புத் தொப்பியைத் தேய்த்துவிட்டு எபாக்ஸி புட்டியில் தலைத்துண்டு. பெண்களுக்கு, டிஷ்யூ தாளை வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்ததில் நனைத்து ஈரமாக இருக்கும்போதே சேலையாகச் சுற்ற வேண்டும். கொசுவம் ஊசி முனையில் வரும். பிள்ளைகளுக்கு, ரயில் மாடல் கடையில் கிடைக்கும் 1/87 மனிதர்கள். அவர்கள் கொஞ்சம் குட்டை, அதனால் பத்து வயசுக்குச் சரியாகப் போய்விட்டது. மொத்தம் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கு எடுத்த நேரத்தில் ஒரு முழுப் பட்டாளம் பூசியிருப்பேன்.

தோல் நிறத்தில் நான் செய்திருந்த ஒரு தப்பும் அப்போதுதான் தெரிந்தது. அதுவரை பஞ்சாபி, கூர்க்கா, எல்லாருக்கும் ஒரே டப்பாப் பழுப்பு. இந்த ஒன்பது பேருக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலந்தேன். பிறகு திரும்பப் போய் சிப்பாய்களுக்கும் பூச வேண்டியதாகிவிட்டது.

அடுத்த சிக்கல் விதி. மேசையில் ஆள் வைத்தால் அவர்களுக்கு என்ன விதி? ஒரு நண்பர், லயத்துப் பக்கம் சுட்டால் அந்தப் பக்கத்துக்குப் புள்ளி கழிப்போம் என்றார். எழுதிப் பார்த்தோம். நன்றாக வரவில்லை. புள்ளிக் கணக்கு வந்ததும் நான் "மூணு புள்ளிதானே போகும், பரவாயில்ல" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே கேட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம். இப்போது ஒரே விதிதான். லயத்துக்குக் குறுக்கே யாரும் சுடவும் கூடாது, டாங்கி ஓட்டவும் கூடாது. உண்மையில் அப்படியா நடந்தது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் ஆறடி மேசையில் நடுவே ஒன்றரை அடிக்கு நீங்கள் கை வைக்கமுடியாத ஒரு இடம் இருந்தால் ஆட்டம் வேறு ஆட்டம். ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றித்தான் யோசிக்க வேண்டும், மறந்துவிட்டு ஆட முடியாது. குளுனி மேசையை நான் ஜெயித்தேன். கை தட்டவில்லை.

பெரியவருக்குச் சொல்ல நினைத்தது இதுதான் ஐயா. சண்டையைக் கொண்டாட இதைச் செய்யவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. டாங்கி பிடிக்கும், ஜெயிக்கப் பிடிக்கும். ஆனால் இந்தப் பொம்மைகள் இல்லாவிட்டால் அந்தத் தனி இலை யாருக்கு என்று நான் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது மூன்றாவது தடவையாக அதே ஐந்து மேசையை ஆடிக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு காலை மரங்களை நட்டு, லயத்தை வைத்து, ஒன்பது பேரையும் வாசலில் நிறுத்திவைப்பேன். அப்பா தே ஓ கொண்டுவருவார். முதல் தாயம் உருட்டுவதற்கு முன்னால் அவர் குனிந்து, ஒவ்வொருவராக எடுத்து, ரோட்டிலிருந்து தள்ளி மரங்களுக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டுப் போவார். பிள்ளைகளைக் கடைசி நிரையில் வைப்பார்.

கொலு பொம்மை உடைந்தது இருந்தால் புதன் மாலை பூசைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.