ஸ்டெப்னியைப் பார்த்தியா?

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்தில் எங்கள் சந்து இன்னும் முழுசாக விழிக்கவில்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காரின் பானெட்டைத் திறந்து வைத்து நின்றிருந்தேன். பால் போட வந்த பையன், "என்னக்கா, வண்டி ஸ்டார்ட் ஆவலையா?" என்றான். "ஆகுதுப்பா. ஊருக்குப் போறோம், அதான் பாக்குறேன்" என்றேன். நம்பாமல் போனான்.

அம்பாசமுத்திரத்தில் மாமா பேத்திக்குக் கல்யாணம். சுமார் 650 கி.மீ. கணவருக்கு லீவு இல்லை. கல்யாணத்தன்று ரயிலில் வந்துவிடுவார். 78 வயது அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்ட வேண்டும். பத்து வருடமாக ஓட்டுகிறேன். ஆனால் எல்லாம் தி.நகர், அடையாறு, மிஞ்சிப் போனால் மகாபலிபுரம். பானெட்டைத் திறந்ததே கிடையாது. சர்வீஸுக்கு விடுவேன், பில் கட்டுவேன், சாவியை வாங்குவேன். இந்த முறையும் அப்படித்தான்.

"வண்டியைப் பாத்தியா?" என்றார் அப்பா.

"சர்வீஸ் பண்ணியாச்சுப்பா."

"அவன் பாத்தான். நீ பாத்தியா?"

பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. கையும் நடுங்குகிறது. "நான் சொல்றேன், நீ செய்."

பானெட்டைத் திறந்ததும் முதல் அதிர்ச்சி. பேட்டரிக்குப் பின்னால் தேங்காய் நாரும் காய்ந்த பூச்சரமும் சேர்த்து ஒரு எலி வீடு கட்டியிருந்தது! நல்லவேளை, ஒயரில் வாய் வைக்கவில்லை. சுத்தம் செய்து, ஒரு துணியில் புகையிலையை முடிந்து தொங்கவிட்டேன்.

அடுத்தது இன்ஜின் ஆயில். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜின் ஓடி நின்று சில நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். அளவுக் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுத்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் தெரிய வேண்டும். கூலன்ட்டும் அதேபோல், டப்பாவின் இரண்டு கோடுகளுக்கு நடுவே. "சூடா இருக்கறப்ப இந்த மூடியைத் தொடவே கூடாது. குக்கர் மாதிரி. பிரஷர் இருக்கும், மூஞ்சியில அடிக்கும்" என்றார் அப்பா. குக்கர் என்றதும் சட்டென்று புரிந்தது. பிரேக் ஆயில் அளவையும் பார்த்தேன். அது இறங்கியிருந்தால் நாமே ஊற்றி நிரப்பிவிட்டுப் போகக் கூடாதாம். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். அது மெக்கானிக் வேலை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரித்தது. இத்தனை வருடம் அதை ஏதோ விலை நம்பர் என்று நினைத்திருந்தேன்!

நான்கு டயரிலும் காற்று சரி. "டிக்கியைத் திற" என்றார் அப்பா. விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியில் காற்றளவு மானியை வைத்தேன். 8 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டியது 30-க்கு மேல். சர்வீஸ் பில்லில் 'டயர் செக்கப்' என்று டிக் அடித்திருந்தார்கள்.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

1996-ல் தாத்தா இறந்தபோது எனக்குப் பரீட்சை. பாட்டியுடன் என்னை விட்டுவிட்டு, இருவரும் இரவு பதினோரு மணிக்குப் பழைய பத்மினி காரில் கிளம்பினார்கள். அம்மா கடைசியாக முகம் பார்க்க முடியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். வண்டி ரிப்பேர் என்று சொல்லியிருந்தார்கள்.

"ரிப்பேர் இல்லம்மா. உளுந்தூர்பேட்டை தாண்டி மூணு மணிக்குப் பஞ்சர். டிக்கியைத் திறந்தா ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. ஒரு லாரியில வீலை ஏத்திக்கிட்டுப் போயி, கடை திறக்கறவரைக்கும் உக்காந்து, ஒட்டிக்கிட்டு வந்தேன். கிளம்பறப்ப மணி எட்டு. ஊர் போய்ச் சேர்ந்தப்ப இருட்டிடுச்சு. எடுத்துட்டாங்க. பெட்டியை வைக்கறப்ப அந்த டயரை ஒரு தட்டுத் தட்டிப் பாத்திருந்தாப் போதும். உங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜாக்கியை எடுத்தேன். "மாட்டிப் பாத்துடறேன்பா" என்றேன்.

அதுதான் அன்று கற்ற பெரிய பாடம். வீல் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். தூக்கிவிட்டால் சக்கரம் கூடவே சுற்றும். மெஷினில் முடுக்கிய நட்டு என் கைக்கு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். 'டக்' என்று விட்டது. மகள் கைதட்டினாள். பிறகு அவளையும் ஒருமுறை செய்ய வைத்தேன். இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் முதல்முறையாகச் செய்யக் கூடிய வேலை இல்லை இது.

ஸ்டெப்னியை பங்குக்குக் கொண்டுபோய்ப் பஞ்சர் பார்த்து, காற்று நிரப்பினேன். வைப்பர் ரப்பரும் ஒரு ஹெட்லைட் பல்பும் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். மொத்தத்தில் ஒரு காலைப்பொழுதும், ஒரு நைட்டியும்தான் செலவு.

புதன்கிழமை விடியற்காலை நான்கு மணி. அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்பா முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்டெப்னியைப் பாத்தியா?" என்றாள் என்னிடம்.

"பாத்துட்டேம்மா."

உளுந்தூர்பேட்டை தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது. இப்போது நான்குவழிச் சாலை. பழைய அடையாளம் எதுவும் இல்லை. பின்சீட்டில் தூங்குகிறாள் என்று நினைத்த அம்மா மெதுவாகக் கேட்டாள்: "இங்கதானேங்க?"

"ஆமா" என்றார் அப்பா.

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். அந்த லாரிக்காரரும் இல்லன்னா இன்னும் லேட்டாயிருக்கும்" என்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.