வேதியியல் படித்து என்ன ஆகும்?



என் மகன் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இளநிலை வேதியியலில் சேர்ந்த வாரம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகையில் மச்சான் கேட்டார்: "இன்ஜினியரிங் படிச்சா துபாய்க்காவது போகலாம். கெமிஸ்ட்ரி படிச்சு என்ன ஆகப்போறான்?" அப்போது என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு உம்மாவுக்கு மூச்சுத் திணறல். இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் சால்புட்டமால் வெளிப்படும். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சிறிது நேரத்தில் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சாய்ந்துகொண்டார்.

கடையில் வாங்கும் அரிசியை நிறுத்துப் பார்க்கலாம். இந்த மருந்தை உம்மா எப்படி நிறுத்துப் பார்ப்பார்? எங்கோ ஓர் ஆலையில் முகமறியாத ஒரு வேதியியலாளர் அதைச் சோதித்து, சரியென்று கையொப்பமிட்டிருக்கிறார். அவரைக் கண்காணிப்பவன் அல்லாஹ். அளவையில் குறைப்போரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் அன்று எனக்குப் புதிதாய் விளங்கியது.

இன்ஹேலரில் 'சிப்லா' என்றிருந்தது. அதை நிறுவியவர் டாக்டர் குவாஜா அப்துல் ஹமீது. 1898இல் பிறந்து, பெர்லினில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, 1935இல் பம்பாயில் அதைத் தொடங்கினார். 1939இல் காந்தியடிகள் அங்கு வந்து பார்வையிட்டார்.

அவருடைய மகன் யூசுஃப் ஹமீதும் கேம்பிரிட்ஜில் பயின்ற வேதியியலாளர். எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கான ஓராண்டு மருந்து 10,000 டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001இல், 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தர முன்வந்தார். நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அன்றி, அதன் செய்முறைக்கே உரிமை வழங்கியிருந்தது. அதே மருந்தை வேறு வழியில் ஆக்கத் தெரிந்த வேதியியலாளர்கள் இருந்ததாலேயே அந்தச் சட்டம் பயன் தந்தது.

சிப்லா தர்ம ஸ்தாபனம் அன்று. லாபம் ஈட்டும் நிறுவனமே. நம் நபி (ஸல்) அவர்களும் வணிகம் செய்தவர்களே. சரியான அளவும் ஏழைக்கு எட்டும் விலையும் சேர்ந்தால் வணிகமும் இபாதத்தாகும் என்றே கருதுகிறேன்.

அடுத்த ஜும்ஆவில் மச்சானிடம் இவற்றைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "மாமிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

முதல் செய்முறை வகுப்பில் தராசைச் சுழியத்தில் நிறுத்தக் கற்றதாக மகன் சொன்னான். அந்தப் பழக்கம் அவனை விட்டு நீங்காதிருக்க துஆச் செய்யுங்கள்.