விருத்தாசலம் பீங்கான் பட்டறைகள்: பொதுச் சூளையும் கைத்திறனும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த விருத்தாசலம் பீங்கான் ஊராகவும் அறியப்பட்டதில் அண்டையிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பங்குண்டு. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்காக அகற்றிய மேல்மண்ணில் வெண்களியும் இருந்தது. அதைக் கழுவிப் பிரிக்கும் ஆலையும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. இத்தகைய களியை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும், கழிவுநீர்க் குழாய் செய்யும் அரசு ஆலையும் உருவாயின.

பேட்டையின் பட்டறைக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளின் அடுக்கு. களியுடன் ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய கனிமப் பொடிகளைச் சேர்த்து நீர்விட்டு அரைத்த கூழை அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் களி படியத் தொடங்குகிறது. தேவையான தடிமன் வந்ததும் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். கவிழ்க்க வேண்டிய நேரம் கூழின் பதத்துக்கும், வெயிலுக்கும், அச்சு எத்தனை முறை நனைந்தது என்பதற்கும் ஏற்ப மாறுவதால், கடிகாரத்தைவிட விளிம்பில் படிந்த களியைப் பார்க்கும் கண்ணையே இங்கே நம்புகிறார்கள். காய்ந்தும் வெந்தும் உரு சுருங்கிவிடுவதால் அச்சையே சற்றுப் பெரிதாக அமைக்க வேண்டியிருக்கிறது. பிறகு வருவது பிசிறு சீவி ஈரத்துணியால் தடவும் வேலை; எளிதாகத் தோன்றினாலும் அதில் தவறவிட்ட கீறல் சூளையில் பிளவாகிவிடுவதால், இந்தக் கைகளின் பொறுமைக்குத் தொழில் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

சிறு பட்டறை ஒன்று தனக்கெனக் களி அரைவையும் உயர்வெப்பச் சூளையும் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது என்பதால், அவற்றைப் பொதுவாக வைத்து, உருவமைப்பதை மட்டும் பட்டறைகளுக்கு விடுவதே இத்தகைய பேட்டையின் அடிப்படை. சூளை நின்றால் அதை நம்பிய எல்லாப் பட்டறைகளும் ஒருசேர முடங்கும் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம்.

சந்தையும் மாறிற்று. மின்பலகையின் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குப் பதிலாகத் தானியங்கித் துண்டிப்பான் வந்தது. உப்பை எறிந்து மெருகேற்றிய குழாயின் இடத்தைப் பிவிசி பிடித்தது. ஊறுகாய் ஜாடி பிளாஸ்டிக்கிடம் தோற்றது. கார்த்திகை அகல்களும் நவராத்திரிப் பொம்மைகளும் நிலைத்தாலும், அவை பருவகால வேலைகளே. இந்த நலிவைத் தொழிலாளரின் திறன் குறைவு என்று விளக்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

பிளாஸ்டர் அச்சு பயன்படப் பயன்படத் தேய்ந்து கூர்மை இழப்பதால், முதல் உருவைச் செதுக்கித் தாய் அச்சு எடுக்கத் தெரிந்தவர் இல்லாமல் எந்தப் பட்டறையும் புதிய பொருளுக்கு மாற முடியாது. பொதுச் சூளைக்குச் செலவிடும் எந்தத் திட்டமும் அவருடைய கூலியையும் அவரிடம் தொழில் பழகுவோரின் உதவித்தொகையையும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.